ஊசியா, யாழ்ப்பாணப் பயணமா: வன்னியில் மாரடைப்புக்கு எது முதலில்?

நெஞ்சு நோவுடன் வந்தவரின் ஈசிஜி வரைபில் எஸ்டி எனப்படும் பகுதி உயர்ந்திருந்தால், இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியொன்று முற்றாக அடைபட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். அதைத் திறக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தை அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே ஏற்றுவது. மற்றது, கத் லாப் (நாடிக்குள் குழாய் செலுத்தி வைத்தியம் செய்யும் கூடம்) உள்ள இடத்துக்குக் கொண்டுசென்று, நாடிக்குள் பலூனைச் செலுத்தி விரித்து, அதைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயைப் பொருத்துவது. கொழும்பு நகருக்குள் இருப்பவருக்கு இரண்டாவதே மேல் என்பதில் விவாதமில்லை. முல்லைத்தீவில் இருப்பவருக்கும் அதுதான் மேலா என்பதே கேள்வி.

ஸ்டென்டின் சிறப்பு, நாடி திறந்துவிட்டதைக் கண்ணாற் காண முடிவதும், மூளையில் இரத்தம் கசியும் அபாயம் மிகக் குறைவாக இருப்பதுமாகும். ஆனால் அந்தச் சிறப்பு நேரத்தோடு கரைந்துபோகும். நோயை நிர்ணயித்து 120 நிமிடங்களுக்குள் அடைப்பைக் கடந்து கம்பியைச் செலுத்த முடியுமானால் ஸ்டென்ட், முடியாதெனில் 10 நிமிடங்களுக்குள் ஊசி என்பதே ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக, கத் லாப் உள்ள யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கும் அதிகம். அம்புலன்ஸ் சாரதியை எழுப்பி, கூடச் செல்ல ஒரு வைத்தியரையோ தாதியையோ ஒழுங்குசெய்து, மாரிகாலமாயின் வட்டுவாகலில் வெள்ளத்தையும் இரவாயின் வீதியில் நிற்கும் யானையையும் கடந்து போய்ச் சேர்ந்தாலும், கத் லாப் அணியினர் வீட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். 120 நிமிடம் எப்போதோ முடிந்திருக்கும். கிளிநொச்சியின் நிலை வேறு. ஏ9 வீதியில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தூரம் என்பதால், எல்லாம் சரியாக அமைந்தால் எட்டக்கூடிய கணக்குத்தான். ஆகவே வன்னி முழுவதற்கும் ஒரே விடை இல்லை.

ஊசியிலும் இரண்டு வகை உண்டு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மலிவானது, 15 இலட்சம் அலகுகளை 30 முதல் 60 நிமிடம்வரை சேலைனுடன் ஏற்ற வேண்டும். இடையில் இரத்த அழுத்தம் சரியலாம் என்பதால் ஒருவர் கட்டிலருகே நிற்க வேண்டும். ஒருமுறை ஏற்றியவரின் உடலில் எதிர்பொருள் உருவாவதால், அடுத்த மாரடைப்புக்கு அதே மருந்தை மீண்டும் ஏற்றக் கூடாது. டெனெக்டிபிளேஸை உடல் எடைக்கேற்ப அளந்து, சில செக்கன்களில் ஒரே தடவையாகச் செலுத்திவிடலாம். விலை அதிகம். எனினும் இரவுக் கடமையில் ஒரு வைத்தியரும் இரண்டு தாதியரும் மட்டுமே இருக்கும் விடுதியில் அந்த அரைமணி நேரமும் ஒரு செலவுதான். மருந்து வாங்குவோர் அதைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

ஊசி இரண்டாந்தர வைத்தியம் என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக உண்டு. 2013இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வில், ஒரு மணித்தியாலத்துக்குள் ஸ்டென்டுக்கு வழியில்லாத நோயாளருக்கு முதலில் டெனெக்டிபிளேஸ் கொடுத்துப் பின்னர் அஞ்சியோகிராம் (இதய நாடிகளுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) செய்தபோது, மரணம் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் 12.4 வீதம், நேரடி ஸ்டென்ட் பிரிவில் 14.3 வீதம். புள்ளியியற்படி இரண்டும் சமம். மூளைக் கசிவு மட்டும் ஊசிப் பிரிவில் 1 வீதமாகவும் மற்றதில் 0.2 வீதமாகவும் இருந்தது. 75 வயதைக் கடந்தோருக்கு அளவைப் பாதியாக்கிய பின் அந்த வித்தியாசம் சுருங்கியது.

ஆனால் ஊசியோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான். 60 முதல் 90 நிமிடங்களில் ஈசிஜியை மீண்டும் எடுத்து, எஸ்டி உயர்வு பாதிக்குமேல் இறங்கவில்லையெனில் உடனடியாக அனுப்ப வேண்டும். இறங்கியிருந்தாலும் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அஞ்சியோகிராம் தேவை. தமிழ்நாட்டில் சிறு வைத்தியசாலைகளைக் கத் லாப் உள்ள பெரிய வைத்தியசாலைகளோடு இணைத்து நடத்திய திட்டத்தில், அஞ்சியோகிராம் பெற்றவர்கள் 35 வீதத்திலிருந்து 60.8 வீதமானார்கள், ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 வீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். கேரளத்தில் 63 வைத்தியசாலைகளில் சரிபார்ப்புப் பட்டியல்களையும் பயிற்சியையும் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அத்தகைய தெளிவான குறைவு கிடைக்கவில்லை. தாள் மட்டும் நாடியைத் திறக்காது.

எனவே முல்லைத்தீவு, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கத்துக்கு என் தெரிவு, ஊசியை அங்கேயே ஏற்றி, அதே மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் புறப்படுவதுதான். இன்னொரு கத் லாப் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்குமுன் ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் டெனெக்டிபிளேஸ் இருப்பதும், ஈசிஜியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நள்ளிரவிலும் பதில்தரும் ஓர் இதயநோய் வைத்தியர் இருப்பதும் வேண்டும்.

வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலும் ஒரு தெரிவு இருக்கிறது. என் பெரியப்பா இரவு 9 மணிக்கு நெஞ்சைப் பிடித்தார். வாய்வு என்று சோடா குடித்து, 11 மணிக்கு அயல்வீட்டு ஹயஸ் வானில் ஏறினார். போன சிறிய வைத்தியசாலையில் ஈசிஜி இயந்திரம் இருந்தது, தாள் சுருள் முடிந்திருந்தது. 1990 என்ற அவசர அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்திருந்தால் பயிற்சி பெற்ற உதவியாளரும் ஒக்சிசனும் வாசலுக்கே வந்திருக்கும், அதுவும் இலவசமாக. ஹயஸில் இருந்தது பெரியம்மாவின் மடி மட்டும்.