ஷீல்டு கேபிளும் எர்த்தும்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

ஆறு வருடமாக ஒரு லோடு செல் (எடையை மின் சிக்னலாக மாற்றும் உணரி) அமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்திலேயே வி.எஃப்.டி.யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓடும் மோட்டார். லோடு செல் 500 கிலோ, வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் ரகம். 10 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கே 20 மில்லிவோல்ட்தான் வரும், அதாவது ஒரு கிலோவுக்கு வெறும் 40 மைக்ரோவோல்ட். ஆரம்பத்தில் மோட்டார் நின்றிருந்தாலும் திரையில் எடை எண் ஒரு கிலோ ஆடிக்கொண்டே இருக்கும், மோட்டாரைப் போட்டால் நான்கு கிலோ வரை குதிக்கும். இந்தச் சிறு சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்தான் கெட்டுவிட்டது என்று வேறொன்று வாங்கி மாட்டினேன், அதிலும் அதே ஆட்டம்.

அப்புறம் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து மெஷின் சட்டத்துக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கும் இடையே பார்த்தால் 0.4 வோல்ட்! இரண்டுமே எர்த் செய்யப்பட்டவைதான். சிக்னல் கேபிளின் ஷீல்டை (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) இரண்டு முனையிலும் எர்த்தோடு கட்டியிருந்ததால் அந்த 0.4 வோல்ட் ஷீல்டு வழியே கரண்டை ஓட்டி, உள்ளே போகும் சிக்னல் கம்பிகளில் மெயின்ஸ் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஏற்றிக்கொண்டிருந்தது. லோடு செல் பக்கம் ஷீல்டைக் கழற்றி, எதிலும் படாமல் டேப் சுற்றினேன், ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் விட்டேன். சும்மா இருக்கும்போது வரும் ஆட்டம் அன்றே நின்றது.

மோட்டார் குதிப்பு மட்டும் போகவில்லை. அதைப் பிடிக்கத்தான் பல வாரம் ஆனது. மோட்டார் கேபிளின் ஷீல்டைப் பிரித்து, சடை மாதிரி முறுக்கி, 10 செ.மீ. நீளத்துக்கு இழுத்து ஒரு போல்ட்டில் கட்டியிருந்தார்கள். கம்பிக்கு மில்லிமீட்டருக்கு சுமார் 1 நானோஹென்ரி என்று வைத்தால் அந்தச் சடை 100 நானோஹென்ரி, 10 மெகாஹெர்ட்ஸில் 6 ஓமுக்கு மேல் தடுக்கும். வி.எஃப்.டி.யின் வேகமான ஸ்விட்சிங் இரைச்சல் அதற்குள் போகாமல் வேறு வழி தேடும், அந்த வழியில் என் சிக்னல் கேபிள் இருந்தது. சடையை வெட்டிவிட்டு ஷீல்டைச் சுற்றிலும் கவ்வும் கிளாம்ப் போட்டேன், இங்கே மட்டும் இரண்டு முனையிலும். சிக்னல் கேபிளுக்கு ஒரு முனை, மோட்டார் கேபிளுக்கு இரண்டு முனை என்பது முரணாகத் தெரியும், ஆனால் ஒன்றில் நம் பகை 50 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் மெகாஹெர்ட்ஸ்.

இன்னொன்று, அலுமினியத் தாள் சுற்றிய ஷீல்டு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. அதற்குக் கம்பிகளை ஜோடியாக முறுக்குவதும் மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி வைப்பதும்தான் வழி.

மூன்றாவது வருடம் ஆட்டம் திரும்ப வந்தது. எர்த் லக்கை (எர்த் கம்பியின் முனையைப் போல்ட்டில் பிடிக்கும் உலோகத் துண்டு) கழற்றிப் பார்த்தால் அடியில் பெயிண்ட், ஓரத்தில் துரு. சுரண்டி வெறும் உலோகம் தெரிய வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். அசையும் இடத்தில் தாள் ஷீல்டும் விரிசல் விட்டிருந்தது, அங்கே பின்னல் ஷீல்டு கேபிளுக்கு மாறினேன், இன்று வரை பிரச்சினை இல்லை.

இதையெல்லாம் ஆசிலோஸ்கோப்பில் பார்க்கிறவர்கள் ஹம் (50 ஹெர்ட்ஸ் இரைச்சல்) வருகிறது என்று அதன் எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து கழற்றாதீர்கள். புரோப் கிளிப்பை எதில் மாட்டுகிறீர்களோ அந்த வோல்டேஜ் ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுவதும் வந்து நிற்கும், உயிர் போகும். கிளிப்பை எர்த்தோடு சேர்க்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வாங்குங்கள்.

இப்போது மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போதும் எண் 0.1 கிலோவுக்குள் நிற்கிறது. லக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்கிறேன்.