கராத்தே வகுப்பில் 18,500 ரூபாய் போச்சு: காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு மகளும் நானும் கராத்தே உடுப்போடு போய் நின்றால், கதவில் பூட்டு. எதிரே டீக்கடை அண்ணன், "ஞாயித்துக்கிழமையே பாயெல்லாம் சுருட்டி வண்டியில ஏத்திட்டாங்களேம்மா, உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. 18,500 ரூபாய். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சி மையத்தில் சேருமுன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயரைக் கேட்பீர்கள். போடவில்லை. நாளைக்கே வேறு ஊரில் வேறு பெயரில் பேனர் கட்டப்போகிற இடம் அது. "பெண்களுக்கான தற்காப்புக் கலை, 90 நாள்" என்று நோட்டீஸ் அடித்து, வாடகைக்கு எடுத்த பழைய வீட்டில் நடக்கும் மையம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பள்ளத்தூர். மகள் பத்தாம் வகுப்பு, டியூஷன் காரைக்குடியில். திங்கள்கிழமை சந்தை நாளில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, தெரிந்ததுதான். அப்படி ஒரு திங்கள்கிழமை ஒருத்தன் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இவள் இறங்கும்வரை விடவே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அதற்கு மறுநாள் பேப்பருக்குள் அந்த நோட்டீஸ் வந்து விழுந்தது. வேறென்ன செய்வேன், கூட்டிக்கொண்டு போனேன்.

ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு, தேக்குத் தூண்கள், சுவரில் ஃபுனகோஷி படம், அதற்கு மாலை வேறு. 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு கராத்தேயைக் கொண்டுபோய்க் காட்டியவர் என்று மாஸ்டர் பக்தியோடு சொன்னார். அது உண்மைதான், பிறகு சரிபார்த்தேன். அந்த ஆள் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான் விழுந்த இடம் இது. மாஸ்டர் என் மகளைப் பார்த்து, "பாப்பா, என்ன பயம் உனக்கு?" என்று கேட்டார். அவள் பேசாமல் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பிடிக்கிறவன் கையில நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். கட்டைவிரல் இருக்கிற பக்கமாத் திருப்பி இழு" என்றார். இழுத்தாள், வந்துவிட்டது. மறுபடி பிடித்தார், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அவள் சிரித்தாள். அந்தத் திங்கள்கிழமைக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே போனை எடுத்து ஜிபே செய்தேன்.

கட்டணம் 12,000, இரண்டு பேருக்கும் உடுப்பும் பெல்ட்டும் 3,500, கையுறை, பேட் என்று 3,000. மொத்தம் 18,500. "மொத்தமாக் கட்டினா ரெண்டாயிரம் குறைச்சிருக்கேன்க்கா, வெளியில சொல்லாதீங்க" என்றார். ரசீது? "வாட்ஸப்ல அனுப்புறேன்க்கா." இன்றுவரை வரவில்லை. பணம் போன கணக்கில் மையத்தின் பெயரே இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். அப்போதே பார்த்தேன். பார்த்தும் அழுத்தினேன்.

வாரம் மூன்று நாள், மொத்தம் 36 வகுப்பு என்று பேச்சு. நடந்தது 11. அதில் மாஸ்டர் வந்தது நாலு. மற்ற நாளெல்லாம் பிரவுன் பெல்ட் கட்டிய ஒரு பையன், பிளஸ் டூ படிப்பான் போல. பாவம், அவனுக்கும் சம்பளம் வந்திருக்காது. கிபா டாச்சியில் கால் அகட்டி நிற்க வைத்து நூறு குத்து, அப்புறம் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து நிலைகள். என் பேண்ட் இரண்டாம் நாளே பின்பக்கம் கிழிந்தது. கராத்தே உடுப்பு கனமான பருத்தித் துணியில் இருக்க வேண்டுமாம், எங்களுக்குக் கொடுத்தது ஏதோ லைனிங் துணி.

பின்னாலிருந்து பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அது அட்வான்ஸ் லெவல்க்கா, தனியா ஆறாயிரம்." பஸ்ஸில் இடமே இல்லாதபோது? "முதல்ல பேசிக் சரியா வரட்டும்க்கா." அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

உறைக்க வைத்தது என் பெரியப்பா மகன், எனக்குத் தம்பி. மதுரையில் பல வருஷமாகக் கராத்தே பழகுகிறவன். போன வாரம் வீட்டுக்கு வந்தவன் மகளிடம், "எங்கே, கத்துக்கிட்டதைக் காட்டு" என்றான். ஒரு கை குத்த, மறு கையை இடுப்போடு இழுத்து வைத்து அழகாகக் காட்டினாள். அவன் மெதுவாக விரலால் அவள் கன்னத்தைத் தொட்டான். "இங்க யாரு காவல்?" என்றான்.

இடுப்புக்கு இழுக்கிற அந்தக் கைக்கு ஹிகிட்டே என்று பேராம். கதாவில், அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசையில், அப்படித்தான் செய்வார்கள், தப்பில்லை. எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்து நம் பக்கம் இழுக்கிற கை என்று அதற்கு அர்த்தம் சொல்வார்களாம். எதையும் பிடிக்காமல் சும்மா இடுப்பில் வைத்திருந்தால் முகம் திறந்து கிடக்கும். காவல் நிலை வேறு. இரண்டு கையும் மேலே, முழங்கை உடம்போடு ஒட்டி, தாடை கொஞ்சம் இறங்கி, ஒரு கால் முன்னால், எடை இரண்டு காலிலும். தெருவில் முஷ்டியை மடக்காமல், "வேணாம்ணே, தள்ளி நில்லுங்க" என்று சொல்கிற மாதிரி உள்ளங்கை இரண்டையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து வை என்றான். பார்க்கிறவர்களுக்கு நாம் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்காது, ஆனால் கை ஏற்கெனவே நடுவில் இருக்கும். சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் நகரு, வழி கிடைத்தால் ஓடு, அதுதான் முதல் பாடம் என்றான். 11 வகுப்பில் ஒரு தடவைகூட எங்களைக் கத்தச் சொல்லவில்லை.

அப்புறம் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், நிஜமாகவே இறுக்கி. அவள் கட்டைவிரல் பக்கம் திருப்பி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள், வரவில்லை, முகம் சுண்டிப்போனது. "மாஸ்டர் லூசாப் பிடிச்சிருப்பாரு. முறை சரிதான், ஆனா வெறும் கையால இழுத்தா வராது. ஒரு அடி உள்ளே வந்து, முழங்கையை அவன் முழங்கைப் பக்கம் கொண்டுபோய், உடம்போட திரும்பு" என்று பதினைந்து நிமிஷம் பழக்கினான். வந்தது. காசு வாங்கவில்லை, இரண்டு பணியாரம் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்துதான் பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன். முதல் போனுக்கு, "மாஸ்டர் டோர்னமெண்ட்ல இருக்காரு." இரண்டாவதுக்கு, "பெல்ட் டெஸ்ட் முடியட்டும்க்கா, பேசலாம்." மூன்றாவதுக்கு அவரே எடுத்தார். "ஆறு மாசத்துல பிளாக் பெல்ட், 2028 ஒலிம்பிக்ஸ் வரைக்கும் போற பொண்ணுக்கா, பாதியில நிறுத்தாதீங்க." 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கராத்தே இருந்தது, 2024 பாரிஸில் இல்லை, 2028க்கும் பட்டியலில் இல்லை. இதுவும் ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் பார்த்ததுதான். பிளாக் பெல்ட்டுக்கு ஒழுங்கான இடத்தில் மூன்று நாலு வருஷமாவது ஆகும் என்கிறான் தம்பி. நான்காவது போனுக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் வாட்ஸப் குழுவில் அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றினார்கள். அதற்கு மறுநாள் என்னை நீக்கிவிட்டார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சியிடம் கேட்டேன். "எனக்கே ரெண்டு மாச வாடகை நிக்குது தாயி" என்றார்.

18,500. என் ஒன்றரை மாதச் சம்பளம்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எட்டரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். ரசீது கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள், தனி ஆள் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். மாஸ்டர் செய்து காட்டுவதைப் பார்க்காதீர்கள், அங்கே மூன்று மாதம் பழகிய பிள்ளையைப் பாருங்கள், அவளை நீங்களே இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள், நான் காலையில் கூப்பிட்டுப் பதிந்துவிட்டேன். பஸ்ஸில், தெருவில் தொந்தரவு என்றால் 181, அவசரத்துக்கு 112, பிள்ளைகள் போனில் போட்டு வையுங்கள்.

இதே வீட்டில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.