கருகிய நெகட்டிவிலிருந்து மீண்ட அபு: ப்ளூரே தொகுப்போடு சில வருடங்கள்

அபு என்ற வங்காளச் சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் சத்யஜித் ரேயின் பதேர் பாஞ்சாலி (1955), அபராஜிதோ (1956), அபுர் சன்சார் (1959) மூன்றும் சேர்ந்த ப்ளூரே தொகுப்பை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015-இல் வெளியிட்டது. பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் எப்படியும் ஒரு வட்டு உள்ளே போய்விடும்.

இந்தப் படங்கள் இப்படிக் கிடைத்ததே பெரிய விஷயம். 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் மூல நெகட்டிவ்கள் கருகிப்போயின. எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாது என்ற நிலையிலும் ஆஸ்கர் விருது தரும் அமெரிக்க அகாடமியின் திரைப்படக் காப்பகம் அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. இருபது வருடம் கழித்து இத்தாலியின் பொலோன்யாவில், காய்ந்து நொறுங்கும் பிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஓரத்துளைகளைக் கையாலேயே சரிசெய்து, 4கே என்னும் மிக நுண்ணிய தெளிவில் ஸ்கேன் எடுத்தார்கள். பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 சதவீதமும், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த நெகட்டிவிலிருந்தே தேறியது. அபுர் சன்சாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகள்தான் கைகொடுத்தன.

தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்கள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். பதேர் பாஞ்சாலியில் ரயில் வரும் காட்சியில் நாணல் பூக்கள் பழைய பிரதிகளில் ஒரே வெள்ளைத் திட்டாக இருக்கும். இதில் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாக ஆடுகிறது; அவற்றுக்கு நடுவே அபுவின் அக்கா துர்காவின் தலை எங்கே மறைகிறது, எங்கே எழும்புகிறது என்று கண் பின்தொடர முடிகிறது. தந்திக்கம்பத்தின் ரீங்காரமும் சுத்தமாகக் கேட்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அபராஜிதோவின் காசி வீடு. அது ஸ்டூடியோ செட். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்ப வைத்து, முற்றத்தில் இறங்கும் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். அபுவின் அம்மா சர்பஜயாவின் முகத்தில் நிழலின் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாத அந்த மென்மையை இந்த வட்டில்தான் முழுதாகப் பார்த்தேன்.

ஒரு விஷயம் முக்கியம். டிவியில் படத்தின் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிலிமில் இயல்பாகத் தெரியும் நுண்புள்ளிகள்தான் (கிரெயின்) இந்தப் படங்களின் உயிர். அவற்றை வழித்தெடுத்தால் பதேர் பாஞ்சாலியில் வரும் இந்திர் பாட்டியின் சுருக்கங்கள் மெழுகாகிவிடும். ஒலி மோனோதான். ரவிசங்கரின் சிதாருக்கு அதுவே போதும், சரவுண்ட் எல்லாம் போட்டுக் கலைக்காதீர்கள்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும். மீட்புப் பணி பற்றிய சிறு படத்தை மூன்றையும் பார்த்து முடித்தபிறகு போடுங்கள். ப்ளூரே வட்டுகளை உலகின் ஏ, பி, சி என்ற பகுதிகளுக்கு (ரீஜன்) ஏற்பப் பூட்டி விற்பார்கள்; இவை ரீஜன் ஏ. இந்தியா சி-யில் வருவதால் எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வேண்டும். 4கே யுஎச்டி வட்டுகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது. புதிதாக பிளேயர் வாங்கப்போகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.