செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை: ரயில் வந்துவிட்டது, பாசஞ்சர் வரவில்லை

தமிழ்நாட்டின் செங்கோட்டைக்கும் கேரளத்தின் புனலூருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் போய் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மீட்டர் கேஜ் எனும் பழைய குறுகிய தண்டவாளக் காலத்தில் அப்பாவும் தாத்தாவும் சொல்லிச் சொல்லி மாய்ந்த அந்தப் பயணம் இப்போதும் அப்படியே இருக்கிறதா? காட்டுக்கும் குகைகளுக்கும் பாலங்களுக்கும் ஒரு குறையும் வரவில்லை, டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு இரண்டு மடங்கு கிடைக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அந்தக் காட்சியைப் பகல் வெளிச்சத்தில், நினைத்த நிலையத்தில் இறங்கி ஏறிப் பார்ப்பதற்கு ஏற்ற வண்டி உண்டா என்றால், அங்கேதான் மதிப்பெண் குறைகிறது.

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டை நிலையத்தில் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக நிற்கும். ஏற்றம் கடுமையானது என்பதால் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு இன்ஜினை மாட்டுகிறார்கள். ரயில்வேக்காரர்கள் அதை ‘பேங்கர்’ என்கிறார்கள். அது வந்து தொடும்போது கடைசிப் பெட்டிகளில் இருப்பவர்களுக்கு ஒரு குலுக்கல் தெரியும், அதன் பிறகு பிரேக் குழாய்களை இணைத்துக் காற்றழுத்தம் சரிபார்த்த பின்னரே சிக்னல் கிடைக்கும். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, பகவதிபுரம் தாண்டியதும் வயலும் தென்னையும் கீழே இறங்கிப் போய்விடுகின்றன. அடுத்து வருவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குகை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் போகிறவர்களுக்கு இந்தக் குகைதான் பயணத்தின் உச்சம்: இந்தப் பக்கம் சாரலோடு வீசும் காற்றும் அரைகுறை வெயிலும் இருக்க, அந்தப் பக்கம் வெளியே வரும்போது ஜன்னல் கம்பிகளில் சடசடவென்று மழை அடிக்கும், பெட்டி முழுவதும் ஷட்டர்களை இறக்கும் சத்தம் கேட்கும்.

ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை வண்டி ஊர்ந்துதான் போகிறது. மலைப்பகுதியில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், அவசரக்காரர்களுக்கு இது தண்டனை, மற்றவர்களுக்கு வரம். கூர்மையான வளைவுகளில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தோடு உரசி எழுப்பும் கீச்சொலி பள்ளத்தாக்கில் பட்டுத் திரும்பி வருகிறது. நடுப்பெட்டியில் அமர்ந்திருந்தால் ஒரே ஜன்னலிலிருந்து முன் இன்ஜினையும் பின் இன்ஜினையும் பார்த்துவிடலாம். கழுத்துருட்டிக்கு அருகிலுள்ள 13 கண் பாலத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. கருங்கல் வளைவுகளோடு படங்களில் காணும் அந்த அழகு, பாலத்தின் மேலே போகும் பயணிக்குக் கிடைப்பதில்லை. கீழே கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் நிற்பவர்களுக்கே அது முழுதாகத் தெரியும். ரயிலில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் கீழே ஓடும் ஆறும், காரை நிறுத்தி நம்மைப் படம் எடுப்பவர்களும்தான்.

இந்தப் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. மெட்ராஸ் மாகாணத்தின் நெல்லைச் சீமையையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கொல்லத்தையும் இணைக்கத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட பாதை இது. இன்று தமிழ்நாட்டு எல்லையூராக நாம் அறியும் செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 மாநிலச் சீரமைப்பின்போதுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆகவே, மலைக்கு இருபுறமும் உறவும் வியாபாரமும் கோயில் வழக்கமும் பின்னிக் கிடப்பதில் வியப்பில்லை. ஆரியங்காவு ஐயப்பனுக்கும் புஷ்கலா தேவிக்கும் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் செல்வது இன்றும் தொடர்கிறது. அகலப்பாதைப் பணிக்காக 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டு, 2018 ஜூனில்தான் முழுப் பாதையும் மீண்டும் திறந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இவர்கள் அனைவரும் புளியரை வளைவுகளில் பேருந்தில் குலுங்கித்தான் போனார்கள். பழைய 13 கண் பாலத்தை இடித்துத் தள்ளாமல் வலுப்படுத்தி, அகலப்பாதையையும் அதன் மீதே கொண்டு போயிருப்பதற்கு ரயில்வே பொறியாளர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்.

குறை கால அட்டவணையில்தான். ஆரியங்காவுக்கு அருகிலுள்ள பாலருவியின் பெயரைச் சூட்டிக்கொண்ட பாலருவி எக்ஸ்பிரஸ், போகும்போதும் வரும்போதும் இந்த மலையை நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் கடக்கிறது. அருவியின் பெயர் கொண்ட வண்டியில் அருவி இருக்கும் காட்டைக்கூடப் பார்க்க முடியாது என்பதை எந்த அதிகாரியும் கவனிக்கவில்லையா, கவனித்தும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்களா என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து வரும் கொல்லம் எக்ஸ்பிரஸும் இருட்டு விலகாத அதிகாலையில்தான் மலை ஏறுகிறது. பகலில் பார்க்க வேண்டுமானால் நம்பத்தக்கவை இரண்டு: கொல்லத்திலிருந்து நண்பகலில் சென்னைக்குப் புறப்படும் எக்ஸ்பிரஸ், மதுரைக்கும் குருவாயூருக்கும் இடையே ஓடும் எக்ஸ்பிரஸ்.

இவற்றில் இரண்டாவது வண்டியின் கதையில்தான் என் மனக்குறை முழுவதும் அடங்கியிருக்கிறது. மதுரை – செங்கோட்டை, செங்கோட்டை – கொல்லம் பாசஞ்சர் வண்டிகளைப் புனலூர் – குருவாயூர் எக்ஸ்பிரஸோடு 2023-இல் இணைத்து உருவாக்கியதுதான் இது. குருவாயூர் வரை நேராகப் போக முடிகிறது என்பது பெரிய வசதி, அதை மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்பிரஸ் ஆனதால் முன்பதிவில்லாப் பெட்டிக்கும் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய். கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர்களில் வசூலிக்கப்பட்ட கூடுதல் கட்டணத்தை 2024 பிப்ரவரியில் மீண்டும் 10 ரூபாய்க்குக் குறைத்தபோது, அந்தச் சலுகை இம்மலைக்கு வந்து சேரவில்லை, ஏனென்றால் சலுகை பெறுவதற்கு இங்கே பாசஞ்சரே மிஞ்சவில்லை. பகவதிபுரத்திலிருந்து ஆரியங்காவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு எக்ஸ்பிரஸ் கட்டணமும், அரை நாளுக்கு ஒரு முறை வரும் வண்டியும் எதற்குப் பயன்படும்?

மேற்கே கொல்லத்திலிருந்து வரும் உள்ளூர் வண்டிகள் புனலூரோடு நின்றுவிடுகின்றன. கிழக்கே நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம், தென்காசி என்று நின்று நின்று வரும் பாசஞ்சர்கள் செங்கோட்டையோடு திரும்பிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மலை மட்டும்தான். மீட்டர் கேஜ் காலத்தில் நெல்லையிலிருந்து கொல்லம் வரை ஒரே பாசஞ்சரில் போனார்கள் என்பதால், புதிதாக எதையும் கண்டுபிடித்துத் தரும்படி யாரும் கேட்கவில்லை. காலையில் ஒரு நெல்லை வண்டியைப் புனலூர் வரையிலும், மாலையில் அதையே திரும்பவும் நீட்டித்தால் போதும். ஒவ்வொரு வண்டிக்கும் பேங்கர் இன்ஜினும் அதற்கான ஓட்டுநர்களும் தேவை, ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கவும் வேண்டும் என்பது உண்மையான தடை. ஆனால் பாதை மின்மயமாகிவிட்ட நிலையில் டீசல் செலவைக் காரணம் காட்ட இனி வழியில்லை. தவிர, குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், சபரிமலை சீசனிலும் அந்த வண்டி காலியாக ஓடும் என்று நம்ப நான் தயாராக இல்லை. நாள்தோறும் இயலாவிட்டால், முதலில் அந்த மாதங்களில் வார இறுதிகளிலாவது ஓட்டிப் பார்க்கட்டும்.

அதுவரை போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். குளிர்சாதனப் பெட்டியில் டிக்கெட் எடுக்காதீர்கள். மூடிய கண்ணாடிக்குள் காட்டின் வாசனையும் வராது, வளைவின் சத்தமும் கேட்காது. சாதாரணப் படுக்கை வசதிப் பெட்டியோ இரண்டாம் வகுப்போ போதும். மலைக்குள் தின்பண்டம் எதுவும் நிச்சயமில்லை என்பதால் செங்கோட்டையிலோ புனலூரிலோ வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். படிக்கட்டில் நின்று படம் எடுக்கும் ஆசை இங்கே உயிருக்கே ஆபத்து, ஏனெனில் குகைச் சுவரும் வெட்டிய பாறையும் பெட்டிக்கு மிக அருகில் வருகின்றன. மதுரையிலிருந்து குருவாயூர் வண்டியில் ஏறுகிறவர்கள் பிற்பகலில் செங்கோட்டை தாண்டி, வெளிச்சம் இருக்கும்போதே புனலூரில் இறங்கிவிடலாம். 1877-இல் கட்டிய தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கினால், மறுநாள் நண்பகல் கடந்ததும் கொல்லத்திலிருந்து வரும் சென்னை எக்ஸ்பிரஸில் அதே மலையை எதிர்த் திசையில் இன்னொரு முறை பகலிலேயே பார்த்துக்கொண்டு திரும்பலாம்.