‘தர்டீன்த் ஃப்ளோர்’: பல ஆண்டுகள் கேட்டபின் ஒரு புகார்

கனடிய ராப் பாடகி ஹவையா மைட்டியின் ‘தர்டீன்த் ஃப்ளோர்’ (பதின்மூன்றாம் தளம்) ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, பாட்டுச் செயலியில் கேட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 2019இல் வெளிவந்த நாள்முதல் நான் விடாமல் கேட்டுவரும் ஆல்பம் என்பதால் ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கனடாவின் பிராம்டன் நகரில் வளர்ந்தவர், ‘தி சொராரிட்டி’ என்ற நான்கு பெண்களின் ராப் குழுவிலிருந்து வந்து முதன்முதலாகத் தனியாகச் செய்த ஆல்பம் இது, பெரிய நிறுவனத்தின் துணையின்றியே அவ்வாண்டின் சிறந்த கனடிய ஆல்பத்துக்கான போலாரிஸ் விருதையும் அதற்குரிய 50,000 கனடிய டாலரையும் பெற்றார் என்பதெல்லாம் நண்பர் அறிந்தவையே.

எனக்கு இன்றுவரை சலிக்காதது அவருடைய குரல் ஆளுமை. தொடக்கப் பாடலான ‘இன் விமன் கலர்’ கறுப்பினப் பெண்ணாக வளர்ந்ததன் கசப்பைச் சொல்கிறது. ஆனால் கெஞ்சும் தொனி மருந்துக்கும் இல்லை. சொற்களை நெருக்கியடித்து அடுக்கிக்கொண்டே போகிறவர், கேட்பவருக்கு மூச்சு முட்டும் கட்டத்தில் சட்டென்று பாட்டுக்குத் தாவுகிறார். ராப் பாடுபவர் பாடகியாக மாறியதே நமக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது. சகோதரி ஒமேகா மைட்டியுடன் சேர்ந்து பாடிய ‘விஷி வாஷி’யில் கரீபிய ஆட்டத் தாளம் காலைச் சும்மா இருக்க விடுவதில்லை. நடுவில் இரண்டொரு பாடல்களைக் குறைத்திருக்கலாம் என்பது என் கருத்து. அதற்காகச் சண்டை போடமாட்டேன்.

நான் சண்டை போடுவது கடைசிப் பாடல் முடிந்தபின் நடப்பதைப் பற்றி. ‘தர்டீன்’ (பதின்மூன்று) என்ற அந்தப் பாடல் அடிமை வணிகத்தின் வரலாற்றைக் கையிலெடுக்கிறது. 1865இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்த 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்கான தண்டனை என்றால் கட்டாய உழைப்புக்கு இடமுண்டு என்று ஒரு விலக்கையும் வைத்தது. அந்த விலக்கின் கனம் நெஞ்சில் இறங்குவதற்கு அவகாசம் வேண்டாமா? நான் மாதச் சந்தா கட்டும் செயலி அதற்கு ஒரு நொடிகூடத் தருவதில்லை. பாடல் ஓய்ந்ததும் யாரோ ஒருவருடைய மது விருந்துப் பாட்டு, ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியது’ என்ற பெயரில், காது கிழியும் பாஸ் இசையுடன் தொடங்கிவிடுகிறது. தானாக ஓடும் வசதியை அமைப்புகளில் தேடிப்பிடித்து நிறுத்தினாலும், செயலி புதுப்பிக்கப்பட்டதும் அது மறுபடி உயிர்பெற்றுவிடுகிறது. வண்டி ஓட்டும்போது கையை நீட்டி அணைக்கவும் வழியில்லை.

இது ஆல்பத்தின் குற்றமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் பல கட்டடங்களின் லிஃப்டில் 12க்கு அடுத்து 14 என்று பொத்தான் இருப்பதையும், காரணமில்லாத அச்சத்தால் ஒரு தளமே கணக்கிலிருந்து நீக்கப்படுவதையும், கறுப்பினப் பெண்ணாகத் தன்னை உலகம் நடத்தும் விதத்தோடு இணைத்துத் தலைப்பு வைத்தவரின் கடைசிச் சொல்லையே இந்த ஏற்பாடு தாண்டிக்கொண்டு போகிறது என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். விருதுக் குழு இதை வரிசையாக, முடிவுவரை, நிம்மதியாகக் கேட்டிருக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எனவே நண்பரே, பாடல் கோப்புகளை விலை கொடுத்து வாங்கி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் சொந்தக் காலில் நின்று ஆல்பம் போட்ட ஒருவருக்குப் போவதும் நியாயமே. மதிப்பெண் கேட்டீர்களானால், ஐந்துக்கு மூன்றரை. மேலே எழுதியதைப் படித்தால் நாலரை தரவேண்டும் என்று எனக்கே தெரிகிறது. இன்று காலையும் அந்த மது விருந்துப் பாட்டைக் கேட்டுத் தொலைத்ததால் கூட்டித் தரும் மனநிலையில் நான் இல்லை.