பழைய பிளாஸ்டிக் வீரர்களுக்கு வல்லெஹோ வண்ணம்: கீழக்கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்தவையும் ஏர்வாடி சந்தனக்கூட்டுக் கடைகளில் வாங்கியவையுமாக, எங்கள் ஊர் வீடுகளின் பரண்களில் பிளாஸ்டிக் போர்வீரர்கள் ஏராளமாகக் கிடக்கிறார்கள். அவர்களைக் கழுவி, வெட்டி, வேறு வீரர்களாக உருமாற்றி, புதிதாக வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. இதற்கு ஸ்பெயின் நாட்டு வல்லெஹோ நிறுவனத்தின் ‘மாடல் கலர்’ அக்ரிலிக் வண்ணங்களையே இப்போது பயன்படுத்தி வருகிறேன். ஒரு புட்டியின் விலைக்கு நம் கடைகளில் கிடைக்கும் கைவினை அக்ரிலிக் பல புட்டிகள் வாங்கிவிடலாம். ஆயினும், 54 மி.மீ. உயரப் பொம்மைக்குப் புருவமும் மீசையும் வரைய விரும்புகிறவர்கள் அந்தக் கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

நிறமி மிக நுண்மையானது என்பதால், நீர் கலந்து மெல்லியதாக இரண்டு முறை பூசினாலே அடி நிறம் மறைந்துவிடுகிறது. அச்சில் வார்த்த பொத்தானும் துணி மடிப்பும் மூடிப்போவதில்லை. காய்ந்தபின் பளபளப்பும் இல்லை. சொட்டு மூக்குள்ள புட்டியாதலால் கலவையை எண்ணிக் கலக்கலாம்: கரும்பழுப்பான பர்ன்ட் அம்பர் (நிறுவனத்தின் வண்ண எண் 70.941) மூன்று சொட்டு, வெளிறிய ஃபிளாட் ஃபிளெஷ் (70.955) ஒரு சொட்டு என்று சேர்த்தால் வெயிலில் உழைக்கும் நம் ஆட்களின் மேனி நிறம் வந்துவிடுகிறது. அடுத்த பொம்மைக்கும் அதே நிறம் பிசகாமல் கிடைக்கிறது.

கோடரியை ஓங்கி நிற்கும் செவ்விந்திய வீரனை வளரி எறியும் மறவனாக மாற்றியபோதுதான் இந்த வண்ணத்தின் அருமை முழுதும் தெரிந்தது. கோடரியை வெட்டிவிட்டு, உடைந்த சீப்பின் முதுகிலிருந்து வளரியைச் செதுக்கினேன். தலையிறகை நீக்கிய இடத்தில் எம்-சீல் என்னும், பிசைந்தால் இறுகும் ஒட்டுப்பொருளை மெல்லிய திரிகளாக உருட்டிச் சுற்றியதும் தலைப்பாகையாயிற்று. உடைக்கு ராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டேன். சேதுபதி தஞ்சை மராட்டியரோடு பொருதும் காட்சி அங்கே இருக்கிறது. எம்-சீல், சீப்பு, பழைய பிளாஸ்டிக் மூன்றின் மீதும் ஒரே சீராகப் படிந்து, ஒட்டு வேலை தெரியாதபடி மூன்றையும் ஓருடலாக்கியது இந்த வண்ணமே.

அந்தப் பழைய பொம்மைகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் என்னும் வளையும் பிளாஸ்டிக். எந்த அக்ரிலிக்கும் அதை நேரடியாகப் பற்றாது. துப்பாக்கி முனை சற்று வளைந்தால் செதிலாக உதிரும். சூப்பர் குளூவும் அதில் நிற்காது என்பதால், கையையோ தலையையோ மாற்றும்போது உள்ளே மெல்லிய கம்பி செருகியே பொருத்த வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்கு உலரவிட்டு, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தபின் வண்ணத்தைத் தொடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் இந்தப் பிளாஸ்டிக் பஞ்சு பிரியும்; புதிய பிளேடால் சீவுவதே நல்லது.

நம் கடற்கரைக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. திறந்த தட்டில் விட்ட சொட்டு, கோடை வெயிலில் கண் இமைப்பதற்குள் தோல் கட்டிவிடும். டப்பா மூடியில் நனைத்த டிஷ்யூவை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டுக் கலந்தால் வண்ணம் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே வார்னிஷைத் தொட வேண்டாம். காற்றின் ஈரம் சிக்கி, முகமெல்லாம் வெண்புகை படர்ந்தாற்போலாகிவிடும். தூரிகையால் பூசும், பளபளக்காத மேட் வார்னிஷ் அந்த மாதங்களுக்குப் பாதுகாப்பானது.

நான் அறிந்தவரை இந்த வண்ணம் நம் பக்கத்துக் கடைகளில் இல்லை. இணையத்தில்தான் வரவழைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய பெட்டியை வாங்காமல், கறுப்பு (70.950), வெள்ளை (70.951), மேலே சொன்ன இரு நிறங்கள், ஒரு சிவப்பு என ஐந்தோடு தொடங்கலாம். நிறமி அடியில் தங்கும் இயல்புடையது என்பதால், ஒவ்வொரு முறையும் புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டுச் சொட்டுங்கள்.