ஏப்பம் வராத நான்கு வருடம்: நெஞ்செரிச்சல் ஆபரேஷனுக்குப் பிறகு

"டாக்டர் ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றார். நீங்க பண்ணிக்கிட்டீங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று நேற்று நண்பர் ஒருவர் போனில் கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2021இல் எனக்குச் செய்தது லேப்ரோஸ்கோப்பி மூலம் நிசன் ஃபண்டோப்ளிகேஷன், அதாவது அமிலம் மேலே ஏறாமல் இரைப்பையை வைத்தே தடுப்புக் கட்டும் ஆபரேஷன். ஐந்து சின்னத் துளைகள், மூன்றாம் நாள் வீடு. அதற்கு முன் பதினொரு வருடம் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் 40 மாத்திரை, தலைமாட்டில் மூன்று தலையணை, நடுராத்திரியில் தொண்டை வரை புளித்து ஏறி இருமிக்கொண்டே எழுவது. இன்று மாத்திரை இல்லை. தரையில் பாய் விரித்து மட்டமாகப் படுக்கிறேன். அந்தச் சுகம் மூன்று தலையணையில் படுத்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் ஏப்பம் போய்விட்டது. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் முழுச் சுற்றாகச் சுற்றித் தைத்தால் அமிலம் மட்டுமா நிற்கும், காற்றும்தான் நிற்கிறது. சிலருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடுகிறது. எனக்கு ஆகவில்லை. போன வாரம் அக்கா மகள் கல்யாணத்தில் சாம்பார் சாதத்திலேயே வயிறு கல்லாகிவிட்டது. ரசத்துக்குக் காத்திராமல் பந்தியில் பாதியில் எழுந்தேன். சம்பந்தி வீட்டார் முகம் மாறியதைப் பார்த்தேன். வாந்தியும் வராது. ஒருமுறை சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் விடிய விடியக் குமட்டியது, ஒன்றும் வெளியே வரவில்லை. அப்படியொரு வேதனையை நான் பட்டதில்லை.

முக்கால் சுற்று, அதாவது 270 டிகிரி மட்டும் சுற்றும் டூப்பே முறை இருக்கிறது, அதில் இந்த உப்புசம் குறைவு. இது எனக்குத் தையல் பிரித்த பிறகுதான் தெரியும். முன்பே யாரும் சொல்லவில்லை என்பதில்தான் என் கோபம் முழுவதும்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். 2017இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட 2,655 பேரில் 17.7 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, அவர்களில் பெரும்பாலோர் மறுபடி மாத்திரைக்கே போனார்கள். எனக்குத் திரும்பவில்லை. செய்தவர் கை சுத்தமான கை.

உணவுக்குழாயில் அமிலம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் 24 மணி நேர பிஎச் பரிசோதனையும், உணவுக்குழாய் எப்படிச் சுருங்கித் தள்ளுகிறது என்று அளக்கும் மேனோமெட்ரியும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், எத்தனை டிகிரி சுற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். மாத்திரையில் அடங்குகிறதென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்றும் சொன்னேன். அந்தப் பந்தி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.